தவளை வாயில் மூன்று புள்ளிகள்

7

நான் பேசாமல் இருந்த நேரம் என்று என் வாழ்க்கையில் ஏதாவது உண்டென்றால், அது அந்த வெள்ளிக்கிழமை காலை பல் டாக்டரின் நாற்காலியில் கிடந்த அரை மணி நேரம்தான். அக்கா என்னை ‘ஒலிபெருக்கி’ என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்க ஏற்பாடு செய்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இருபத்தெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்து, ஓய்வு பெற்ற மறுநாளே அதே வேலையைச் சொந்தமாக ஆரம்பித்தவர். நான் அவருடைய உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ வாங்குவது, அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசுவது என்று எனக்குப் பொறுப்புகள் ஏராளம்.

"கேஸ் அந்தக் குழந்தையோடது. ஊசி எதுக்குக்கா எனக்கு?" என்று வாசலிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"இந்த டாக்டர் எப்படி வேலை பாக்கிறார்னு நான் பக்கத்துல நின்னு பாக்கணும். அதுக்கு ஒரு சொத்தைப் பல் வேணும். எனக்கு இல்ல, உனக்கு இருக்கு."

"அப்ப நான் பலி ஆடு."

"ஆடு இவ்வளவு பேசாது."

குழந்தைக்கு ஐந்து வயது. ஆள் பொடிசு என்பதால் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே சாலை விபத்தில் போய்விட்டார்கள், ஒன்றரை வருஷம் ஆகிறது. வளர்ப்பது பெரியப்பா. கல்யாணம் ஆகாதவர், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். செவ்வாய்க்கிழமை காலை இதே கிளினிக்கில் குழந்தைக்குக் கீழ் வரிசையில் ஒரு பால் பல்லை எடுத்தார்கள். புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அவளுடைய கீழ் உதடு இடது பக்கம் வீங்கித் தொங்கியது. நடுவில் வெளுத்துப் போய் மஞ்சள் பூத்த ஒரு புண். பார்த்தால் சுட்ட காயம் மாதிரியே இருந்தது.

டீச்சர் குழந்தைகள் நல அதிகாரிக்குப் போன் பண்ணிவிட்டார். அதிகாரி அம்மா வந்து பெரியப்பாவின் கைகளைப் பார்த்தார். பட்டறைக்காரர் கை எப்படி இருக்கும்? தழும்பு மேல் தழும்பு. குழந்தையிடம் "யாரும்மா அடிச்சா?" என்று கேட்டார். "யாருமில்ல." "வலிச்சுதா?" "வலிக்கவே இல்ல." அவ்வளவு பெரிய புண்ணை வைத்துக்கொண்டு வலிக்கவில்லை என்று ஒரு குழந்தை சொன்னால் என்ன அர்த்தம், யாரோ மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவர் எழுதிக்கொண்டார். அன்றைக்கே குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இன்று மூன்று மணிக்கு உத்தரவு. கையெழுத்தானால் பட்டாணி வேறு ஊர்க் காப்பகத்துக்குப் போவாள், அங்கே போன குழந்தை திரும்பி வர வருஷக்கணக்கில் ஆகும்.

இது போதாதென்று பெரியப்பா ஒரு காரியம் பண்ணி வைத்திருந்தார். ‘கோபத்தில் நான்தான் அடித்துவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் குழந்தை கிடைக்கும், மறுத்தால் கேஸ் இழுத்துக்கொண்டே போகும் என்று அந்த அலுவலக வராந்தாவில் யாரோ ஒரு புண்ணியவான் சொன்னானாம். அதையும் அவர் எங்களிடம் அழாமல், கோபப்படாமல், கரண்ட் கட்டான நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். தம்பி போன நாளிலிருந்தே அவர் அப்படித்தானாம், எதுவும் உள்ளே இறங்குவதில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ஊசி போட்ட மரப்புல குழந்தை தானே உதட்டைக் கடிச்சிருக்கலாமே?" என்று நான் நேற்றே கேட்டேன். என்னைவிட அதிகாரி அம்மா கெட்டிக்காரர். கிளினிக்கிடம் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டிருக்கிறார். கிளினிக் தந்த சிகிச்சைச் சீட்டின் நகலில் தெளிவாக இருந்தது: ஊசி ஒன்று, 9.40. அதன் கீழே, ‘உதடு கிள்ளிப் பார்க்கப்பட்டது, உணர்வு உண்டு.’ உணர்வு திரும்பிய பிறகுதான் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது.

அந்தக் கதவைத் தட்டத்தான் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தேன்.

டாக்டர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மெதுவான குரல். இந்த கிளினிக் குழந்தைகள் டாக்டரம்மாவுடையது. அவர் பிரசவ விடுப்பில் போயிருக்க, ஒரு மாதத்துக்கு மாற்றாக வந்தவர் இவர். அதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் தாடை ஆபரேஷன் பண்ணியவர், பதினைந்து வருஷமாகப் பெரியவர்களின் வாய்தான்.

"பயப்படாதீங்க," என்று கட்டை விரலை என் வாய்க்குள் விட்டுத் தாடை எலும்பைத் தடவினார். "கீழ்ப்பல் மட்டத்துக்கு மேல ஒரு விரல். அங்கதான் நரம்பு எலும்புக்குள்ள நுழையுது. அங்க மருந்து விட்டா பாதித் தாடையும் தூங்கிடும்."

குத்தினார். சொன்னபடியே நடந்தது. முதலில் நாக்கு, அப்புறம் மோவாய், அப்புறம் உதடு என்று ஒவ்வொன்றாக என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயின. நர்ஸ் ஒரு சின்ன இடுக்கியோடு வந்து என் உதட்டைக் கிள்ளினார்.

"தெரியுதா?"

"என்ன ஹெரியுஹா?"

"சரி." சீட்டில் எழுதினார். அக்கா கழுத்தை நீட்டிப் பார்ப்பது தெரிந்தது. ஊசி 10.00. 10.08, உணர்வு இல்லை. அதற்கப்புறம்தான் டாக்டர் துளை போடும் மெஷினைக் கையில் எடுத்தார்.

சொத்தையைக் குடைந்து அடைத்து முடிக்கும்போது அக்கா எழுந்து போய் அலமாரிக்கு மேல் இருந்த இரண்டு பிளாஸ்டிக் தாடைகளைக் கையில் எடுத்தார். ஒன்று பெரிசு, ஒன்று பொடிசு. டாக்டரம்மா தாய்மார்களுக்குக் காட்டி விளக்குவதற்கு வைத்திருப்பவை. இரண்டிலும் உள்பக்கம் நரம்பு நுழையும் ஓட்டையைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்ட்.

"டாக்டர், பெரிய தாடையில ஓட்டை பல்லுக்கு மேல இருக்கு. சின்னதுல பல் மட்டத்துக்கும் கீழ இருக்கே. செஞ்சவன் தப்பா ஓட்டை போட்டுட்டானா?"

டாக்டரின் கை என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"இல்லைங்க," என்று நர்ஸ்தான் பதில் சொன்னார். "குழந்தைங்களுக்கு அப்படித்தான். எலும்பு வளர வளரத்தான் அது மேல போகும். எங்க டாக்டரம்மா குழந்தைங்கன்னா ஊசியைத் தாழ்த்தித்தான் போடுவாங்க."

டாக்டர் என் வாயைக் கொப்பளிக்கச் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. பன்னிரண்டு மணி. எனக்கு டீயும் பன்னும், அக்காவுக்கு வெறும் வெந்நீர். பெரியப்பாவை அங்கேதான் வரச் சொல்லியிருந்தோம். பட்டறை உடுப்போடு வந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனதும் என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார் அக்கா.

"பதினோரு மணிக்குக் கிளம்பினோம். ஒரு மணி நேரம் எதுவும் குடுக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. கடிகாரத்தப் பாத்துப் பன்னண்டுக்குத்தான் குடுத்தேன். பால்ல ஊறப்போட்ட ரொட்டி. பல்வலியில நாலு நாளா சரியாவே சாப்பிடல அவ. அன்னிக்கு ரொம்ப நேரம் மென்னுக்கிட்டே இருந்தா. பரவால்ல, நல்லா சாப்பிடறான்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "சாயங்காலம் டாக்டரே ரெண்டு தடவ போன் பண்ணி, குழந்தை தூங்கறாளா, மயக்கமா இருக்காளான்னு விசாரிச்சாரு. தங்கமான மனுஷன்."

"ஒரு பால் பல்லுக்கு ரெண்டு போனா?"

"ஆமா."

அக்கா வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என்னையே பார்த்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"என்னக்கா?"

"சட்டையைப் பாரு."

பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் மூன்று சொட்டு ரத்தம். டீ கிளாஸின் விளிம்பிலும் சிவப்பு. பன்னைக் கடிக்கிறேன் பேர்வழி என்று என் உதட்டையே பாதி மென்று வைத்திருக்கிறேன்.

"வலிக்குதா?"

"வலிக்கவே இல்..."

முடிக்கவில்லை. இதே வார்த்தையை நான் அதிகாரி அம்மா எழுதிய காகிதத்தில் படித்திருக்கிறேன், ஐந்து வயசுக் குழந்தை சொன்னதாக.

"ஊசி போட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு. உன் உதடு இன்னும் எழுந்திருக்கல," என்றார் அக்கா. "அவளுக்கு மட்டும் அதுக்குள்ள எப்படி விட்டுப் போச்சு?"

"கிள்ளிப் பாத்தப்போ உணர்வு இருந்துச்சுன்னு அந்த நர்ஸ் எழுதியிருக்காங்களே. பச்சைப் பொய்."

"பொய் இல்ல. எத்தனை மணிக்குக் கிள்ளினாங்கன்னு நீ படிச்சியா?" நகலை விரித்துக் காட்டினார். பொடி எழுத்தில் 9.50. "ஊசி போட்டுப் பத்தே நிமிஷம். பத்து நிமிஷத்துல மரப்பு வந்து, விட்டும் போயிடுமா? இன்னிக்குப் பார்த்தேல்ல, அவங்க கிள்ளறது வேலைக்கு முன்னாடி. மருந்து பிடிச்சிருச்சான்னு பாக்க. விட்டுப் போச்சான்னு பாக்க இல்ல. உணர்வு திரும்பி வரல ஒலிபெருக்கி, அது போகவே இல்ல. முதல் ஊசி வேலை செய்யல."

"அதிகாரி அம்மா அதைக் கடைசியில கிள்ளினதா படிச்சுட்டாங்க."

"எல்லாருமேதான். நானும் நேத்து வரைக்கும். இப்ப கீழ படி. ‘10.45, பல் எடுக்கப்பட்டது. ஒத்துழைப்பு நன்று.’ உதட்டுல உயிர் இருக்கிற குழந்தைக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினா ஒத்துழைப்பு நன்றா இருக்குமா? தெருவே கூடியிருக்கும்."

"அப்ப நடுவுல இன்னொரு ஊசி."

"எத்தனைங்கிறதுதான் தெரியல," என்ற அக்கா, பெரியப்பாவின் மடியைப் பார்த்தார். "பையில என்ன?"

அவர் தயங்கித் தயங்கி வெளியே எடுத்தார். தவளை. பழைய வெல்டிங் கையுறையைத் திருப்பித் தைத்து, இரண்டு பித்தளைப் பொத்தானைக் கண்ணாக வைத்து அவரே செய்தது. கையை உள்ளே விட்டால் அகலமாக வாயைத் திறக்கும். "இது இல்லாமத் தூங்க மாட்டா. குடுக்கலாம்னு போனேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க. பேனாவால குத்திக் குத்தி வெச்சிருக்கா, வீட்டுல நடக்கறததான் குழந்தை பொம்மைக்குச் செய்யுதுன்னு சொன்னாங்க."

அக்கா தவளையின் வாயை விரித்தார். உள்ளே, தாடை மடங்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் அழுத்திக் குத்திய மூன்று புள்ளிகள். கன்னாபின்னாவென்று இல்லை. ஒன்றுக்குக் கீழே ஒன்று, ஒன்றுக்குக் கீழே ஒன்று.

"வீட்டுல நடந்ததை இல்ல," என்றார் அக்கா. "கிளினிக்ல நடந்ததை. நரம்பைத் தேடிக்கிட்டே கீழ இறங்கியிருக்கார் மனுஷன்."

பெரியப்பா தவளையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் உள்ளே போன மாதிரி தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நாங்கள் திரும்பி உள்ளே போனபோது டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அக்கா சின்னத் தாடையையும் தவளையையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டாக்டர் குழாயை மூட மறந்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஒரு நீண்ட வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன். பாதி உதட்டோடு அதைப் பேசினால் சிரித்துவிடுவார்கள் என்று அப்படியே விழுங்கிவிட்டேன்.

"ரெண்டாவது ஊசி போட்டப்ப நான் பக்கத்து ரூம்ல பல் எடுக்கிற சாமானைக் கொதிக்க வெச்சுட்டிருந்தேன்," என்றார் நர்ஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "திரும்பி வந்தப்ப குழந்தை அமைதியா இருந்தா. தட்டுல காலி மருந்துக் குப்பி மூணு கிடந்துச்சு. நான்தான் எடுத்துப் போட்டேன். கேக்கல."

"ஏன் கேக்கல?"

"அவர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருங்க. நான் என்னத்தக் கேக்கறது?"

டாக்டர் நாற்காலியில், நான் கிடந்த அதே நாற்காலியில், உட்கார்ந்தார். "அந்த எடைக்கு ரெண்டு குப்பிதான் எல்லை. மூணாவதைப் போட்ட பிறகுதான் உறைச்சுது. கை பழக்கத்துல மேல போயிடுச்சு. படிச்சதுதான், பரீட்சையில எழுதினதுதான். ஏதாவது ஆயிடுமோன்னு சாயங்காலம் வரைக்கும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நல்லா இருக்கான்னு தெரிஞ்சதும், ஒண்ணுன்னு எழுதினது ஒண்ணாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். உதட்டு விஷயம் புதன்கிழமை சாயங்காலம்தான் தெரியும்."

"தெரிஞ்ச பிறகும் ரெண்டு நாள் ஆச்சு," என்றார் அக்கா.

"ஆமா."

"அந்தக் குழந்தையோட பெரியப்பா செய்யாத தப்பை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார், குழந்தை கிடைக்கும்னு. நீங்க செஞ்சதுக்குப் போட வேண்டியதுதான் பாக்கி. மூணு மணிக்குள்ள வாங்க."

அவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு எங்களோடு கிளம்பினார். அக்காவே டாக்டரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார், நானும் பெரியப்பாவும் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

அதிகாரி அம்மா கடுமையானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படித்தார். தவளையின் வாயை விரித்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரி. ஆனா எங்கிட்ட இவர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் இருக்கு. மூணு ஊசி போட்டாங்கங்கிறதுதான் இதுல இருக்கு, இவர் அடிக்கலங்கிறது எங்க இருக்கு? குழந்தையும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா."

அக்கா நகலை மறுபடி விரித்து, பொடி எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடிக்க நாலு நிமிஷம். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல.

"எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்," என்று அதிகாரி அம்மா குழந்தையைக் கூட்டிவரச் சொன்னார்.

பட்டாணி வந்தாள். வீக்கம் வடிந்து, உதட்டில் புண் மட்டும் மிச்சம். பெரியப்பாவைப் பார்த்ததும் ஓடப் போனாள், கூட வந்த அம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தாள். அப்புறம் என் முகத்தில் அவள் பார்வை நின்றது. என் உதடு அதற்குள் பூசணிக்காயாக வீங்கி, இடது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டடி கிட்டே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, நீயும் மென்னுட்டியா?"

அதிகாரி அம்மாவின் பேனா நின்றது. "என்னம்மா சொன்னே?"

"உதட்ட. ஊசி போட்டா பஞ்சு மாதிரி ஆயிடும். நான் ரொட்டியோட சேத்து மென்னேன். நல்லா இருந்துச்சு."

"ரெண்டு நாளா கேக்கறேனே, இத ஏம்மா சொல்லல?"

"யாரு அடிச்சான்னுதானே கேட்டீங்க?"

அதிகாரி அம்மா வாக்குமூலத்தை எடுத்து இரண்டாக மடித்து, கையெழுத்துப் போடாத உத்தரவோடு சேர்த்துக் கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். "போம்மா," என்று மட்டும் சொன்னார்.

அவள் ஓடிப் போய் பெரியப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் குனியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், இத்தனை நேரம் உள்ளே இறங்காதது இப்போதுதான் இறங்குகிறது என்று தெரிந்தது. "எதிரதான் உக்காந்திருந்தேன்," என்றார். "மென்னுக்கிட்டே இருந்தா. நான் சந்தோஷமா பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி செத்தபோதுகூட அழாதவராம், அந்த அலுவலகத்தில் அத்தனை பேர் நடுவில் தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

பட்டாணிக்கு எதுவும் புரியவில்லை. மேஜைமேல் இருந்த தவளையை எட்டி எடுத்து அவர் கையில் மாட்டிவிட்டாள். அதன் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, டாக்டர் மாதிரி கேட்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்குதும்மா," என்றார் பெரியப்பா.

நல்லது என்பதுபோல் தலையாட்டிவிட்டு அவள் தவளையின் வாயை மூடினாள்.